கைத்தொழிலைக் கற்றுக் கொடுப்பது கடமையா?

அல்லாஹ்வின் திருமறையில் ‘அல்மாஊன்’ என்றொரு சிறிய அத்தியாயம் இருக்கிறது. ஏழே வசனங்கள். ஓதுவதற்கு எளிதாக இருப்பதால் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு வயதிலேயே அதை மனனம் செய்து விடுகிறார்கள். அநாதையை விரட்டுகிறவன், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன், தொழுகையில் பராமுகமாக இருப்பவன், பிறர் பார்க்கத் தொழுபவன் என்று வரிசையாகக் கண்டித்துக் கொண்டே வரும் அந்த அத்தியாயம், கடைசியில் பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒரு குற்றத்தில் வந்து நிற்கிறது. அற்பப் பொருளைக் கூடப் பிறருக்குக் கொடாமல் தடுத்துக் கொள்வதே அந்தக் குற்றம். ‘மாஊன்’ என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது, மக்கள் தமக்குள் இரவல் வாங்கிக் கொள்ளும் கோடரி, பானை, வாளி போன்றவை என்று ஹள்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் சொன்னார்கள். அது ஸகாத்தைக் குறிக்கும் என்று கூறிய பெரியோர்களும் உண்டு.

கோடரியும் பானையும் சரி. ஒருவரின் விரல்களில் இருக்கும் வித்தை இந்த மாஊனில் சேருமா? பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து நம்மிடம் வந்திருக்கும் கேள்வி, சுருக்கமாகச் சொன்னால், இதுதான்.

கேட்டவர் பனை ஓலையில் பெட்டி முடையும் ஒரு சகோதரி. அவருடைய பெயரும் தெருவும் இங்கே வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நேரத்தில் அண்டை வீட்டுப் பெண்கள் நால்வர் அவரிடம் வந்து தங்களுக்கும் இந்த வேலையைச் சொல்லித் தரும்படிக் கேட்டிருக்கிறார்கள். இருவர் நம் சமுதாயத்தவர். இருவர் மீனவர் குப்பத்துப் பெண்கள். சகோதரி மனமுவந்து கற்றுக் கொடுத்தார். கூலி எதுவும் வாங்கவில்லை. இப்போது அந்த நால்வரில் இருவர், தாம் வாங்கும் கூலியை விடக் குறைத்து, அதே வியாபாரிக்கு அதே பெட்டியை முடைந்து கொடுக்கிறார்களாம். “இனி யாராவது வந்து கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா ஹஜ்ரத்? சொன்னால் குற்றமாகுமா?” என்று கேட்கிறார்.

கல்வி கொடுக்கக் கொடுக்க வளரும் என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்கி விடலாம். ஆனால் அந்தச் சகோதரியிடம் அப்படிச் சொல்ல நமக்கு நாக்கு வரவில்லை. அவர் கற்றுக் கொடுத்ததால் அவருடைய வித்தை குறையவில்லை என்பது உண்மையே. குறைந்தது அவர் வீட்டு அரிசி. வித்தை பெருகினாலும் அதை வாங்குகிறவர்களின் தொகை பெருகி விடுவதில்லை. இந்த வேறுபாட்டைக் காணாமல் சொல்லப்படும் உபதேசம் ஏழையின் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகவே முடியும்.

பழவேற்காட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில விவரங்கள். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது இவ்வூர். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடியும் கடலைச் சேரும் முகத்துவாரமும் நம் பக்கம். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, இப்பகுதித் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கீழை நாடுகளுக்கு அனுப்பினார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் முஸ்லிம் ஆண்கள் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடேதான். பெயர் கடல் கடந்து நிலைத்துவிட்டது. அந்த வாணிபம் ஊரில் நிலைக்கவில்லை.

இன்று அங்குள்ள முஸ்லிம் பெண்களின் கையில் மிஞ்சியிருக்கும் தொழில் ஓலை முடைவது. குருத்தோலையை வாங்கி வெயிலில் உலர்த்துவார்கள். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் சன்னமாகக் கிழிப்பார்கள். கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுத்து மீண்டும் உலர்த்துவார்கள். முடையும்போது ஓலை முறியாதிருக்க இலேசாக ஈரப்படுத்திக் கொள்வார்கள். கூடை, மூடி போட்ட பெட்டி, விசிறி, கலியாண வீட்டில் இனிப்பும் தாம்பூலமும் வைத்துக் கொடுக்கும் சிறு பெட்டிகள் எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன. வீட்டை விட்டு வெளியே போகாமல், அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக் கொண்டே செய்யத்தக்க வேலை என்பதால் தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போய்க் கொண்டிருக்கிறது. ஆர்டே அறக்கட்டளை போன்ற தொண்டு அமைப்புகளும் வந்து இப்பெண்களோடு உழைத்திருக்கின்றன.

உழைத்துச் சம்பாதிக்கும் பெண்ணைச் சில வீடுகளில் இன்னும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. முஃமின்களின் தாயார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தொழில் செய்து, அதில் வந்ததைத் தர்மம் செய்து வந்தார்கள் என்பதை ஹள்ரத் ஆயிஷா (ரலி) அவர்களே கூற, முஸ்லிம் ஷரீபில் பதிவாகியிருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியருள் யாருடைய கை நீளமானது என்ற பேச்சு அந்தத் தாயாரைக் குறித்தே முடிந்தது. இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இனி நெருக்கடிக்கு வருவோம். ஏரிக்கரை மக்களுக்கு நெருக்கடி புதிதல்ல. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது. இறால் குஞ்சுகளும் வரா. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையோரமெங்கும் படகையும் வலையையும் வாரிக்கொண்டு போனது. மீன் பிடித்தாலும் வாங்க ஆளில்லாத வாரங்கள் அதன்பின் வந்தன. 2020 மார்ச் 25 முதல் நாடே அடங்கிக் கிடந்தது. கலியாணத்துக்கு ஐம்பது பேர் என்று வரம்பு வந்தபின் ஐந்நூறு தாம்பூலப் பெட்டி கேட்பவர் யார்? அவ்வருட ரமலானில் பள்ளிவாசல்கள் மூடியிருக்க, தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். நம்மில் பலருக்கு அந்த ரமலான் தராவீஹுக்காக நினைவிருக்கிறது. அன்றாடக் கூலியில் வாழ்ந்த வீடுகளுக்கு ஸஹர் சோற்றுக்காக நினைவிருக்கிறது. பிறகு 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலும் மழையும். அதே மாதம் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து அப்பகுதி மீனவர் வலைகள் கறுத்தன. மழை நீடித்தால் ஓலைக்காரர்களுக்கும் கேடுதான். ஓலை காயாது, காய்ந்து வைத்ததும் பூசணம் பிடிக்கும்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் குப்பத்துப் பெண்கள் ஓலைக்காரரின் வீட்டுப் படியேறுகிறார்கள். ஏரி கைவிட்டவர்களுக்குப் பனை தேவைப்படுகிறது. அவர்கள் வரும் நேரமோ ஓலைக்காரருக்கும் ஆர்டர் இல்லாத நேரம். வசதியாக இருக்கும்போது யாரும் வந்து கேட்பதில்லை. கேள்வியின் கடினம் இங்கேதான் இருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது? இரவல் கொடுப்பது அசலில் முஸ்தஹப்பு, அதாவது விரும்பத்தக்க நற்செயல். ஆனால் சில சமயம் அது வாஜிபாகவும் ஆகிவிடும் என்று நம் கிதாபுகள் கூறுகின்றன. மலையாளத்துப் பொன்னானியின் மகான் ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் எழுதி, நம் மதரஸாக்களில் இன்றும் ஓதிக் கொடுக்கப்படும் ‘பத்ஹுல் முயீன்’ கிதாபில் அதற்குச் சில உதாரணங்கள் வருகின்றன. எந்த ஆடை இல்லாவிட்டால் ஒருவருடைய தொழுகை செல்லாதோ அந்த ஆடை, சாகக் கிடக்கும் பிராணியை ஹலாலாக அறுக்க உதவும் கத்தி, நீரில் மூழ்குகிறவனைக் காப்பாற்றும் பொருள் ஆகியவை அவை. கடலோரத்தில் வாழ்ந்தவர் எழுதியது. கடலோரத்தில் வாழ்பவர்க்கு விளக்கம் தேவைப்படாது. கரையில் கயிற்றோடு நிற்பவன், கயிறு என்னுடையது, தருவதும் தராததும் என் விருப்பம் என்று சொல்லிக் கொண்டிருக்க முடியாது.

பட்டினி கிடப்பவருக்குத் தொழில் கயிறாகுமா? நம் கருத்தில் ஆகும். ஆனால் அந்தக் கயிற்றுக்கும் அளவுண்டு. மூழ்குகிறவனைக் கரை சேர்க்கும் நீளம் வரைதான் கடமை. படகையே அவன் பெயருக்கு எழுதி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அத்துடன், முதலில் உன்னிலிருந்தும் உன் பராமரிப்பில் உள்ளவர்களிடமிருந்தும் தொடங்கு என்ற கருத்தில் நபிமொழிகள் வந்திருக்கின்றன. தன் பிள்ளைகளைப் பசியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கும்படி ஒரு தாயிடம் மார்க்கம் கேட்கவில்லை.

ஆகவே நாம் இப்படிப் பிரித்துச் சொல்லுவோம். ஓலை கிழிப்பது, சாயம் காய்ச்சுவது, அடிப்பின்னல், விளிம்பு கட்டுவது ஆகியவை ஊரின் பொதுச் சொத்து போன்றவை. அவற்றை இச்சகோதரி தாமே கண்டுபிடிக்கவில்லை. தம் தாயாரிடமிருந்து பெற்றார். நிர்ப்பந்தத்தில் வந்து கேட்பவருக்கு இவற்றை மறைப்பது நல்லதல்ல. கேட்பவர் உண்மையாகவே வேறு வழியற்றவராயிருந்து, கற்றுக் கொடுப்பதால் தமக்குப் பெரிய இடர் வராது என்றிருந்தால், மறைப்பது குற்றத்தை நெருங்கும். ஆனால் தம் சொந்தக் கற்பனையில் ஒரு புதுப் பெட்டி வடிவத்தையோ, வண்ணச் சேர்க்கையையோ ஒருவர் உண்டாக்கியிருந்தால், அது அவருடையது. எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் பேணத்தக்க உரிமைகளே என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு மன்றம் தீர்மானித்திருக்கிறது. அதைக் கற்றுத்தர மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வேண்டாம். அது பொய். ‘தர இயலாது’ என்பது உண்மை. இரண்டும் ஒன்றல்ல.

கற்றுக் கொடுப்பதற்குக் கூலி வாங்கலாமா என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. தாராளமாக வாங்கலாம். தொழில் கற்பிப்பதற்குக் கூலி பெறுவது செல்லுபடியாகும் ஒப்பந்தம்தான். கையில் காசில்லாதவர், கற்ற பின் முதல் பத்துப் பெட்டியை உஸ்தாதுக்கு முடைந்து தருவதாகப் பேசிக் கொண்டால், எத்தனை பெட்டி, எந்த அளவு என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவே.

அபூதர் (ரலி) அவர்கள் எந்த அமல் சிறந்தது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டுக் கொண்டே வந்த ஒரு நீண்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதை என்னால் செய்ய முடியாவிட்டால் என்று அவர்கள் கேட்டபோது, தொழில் செய்கிறவனுக்கு உதவி செய், அல்லது தொழில் தெரியாதவனுக்குச் செய்து கொடு என்ற கருத்தில் மறுமொழி வந்தது. இந்த ஹதீஸில் நம் மனதைப் பிடித்து நிறுத்துவது அதன் முதல் பாதி. தொழில் தெரியாதவனுக்கு இரங்குவது எல்லோருக்கும் புரிகிறது. தொழில் தெரிந்தவனுக்கும் உதவி தேவை என்று எத்தனை பேர் நினைக்கிறோம்? ஓலை முடையும் சகோதரியைப் பார்த்து, உனக்குத்தான் கைத்தொழில் இருக்கிறதே, நீ ஏன் கலங்குகிறாய் என்று கேட்பவர்கள் இந்த முதல் பாதியை ஓதவில்லை போலும். அவருக்கு உதவி செய்ய வேண்டியவர்கள் யார்? அவரிடம் கற்றவர்கள்தாம் முதலில்.

வியாபாரத்தில் ஒருவர் பேசி முடித்ததன் மேல் இன்னொருவர் நுழையக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உஸ்தாதாகிய அப்பெண்ணோடு வியாபாரி நூறு பெட்டிக்குப் பேசி முடித்துவிட்டிருக்க, கற்றுக் கொண்டவர் பின்வாசலால் வந்து, நான் குறைத்துத் தருகிறேன், அதை ரத்துச் செய்யுங்கள் என்றால், அது இந்தத் தடைக்குள் வரும். பேச்சு முடியுமுன் பொதுச் சந்தையில் தம் விலையைத் தாம் சொல்வது தடைக்குள் வராது. சட்டம் இவ்வளவுதான். சட்டத்துக்கு அப்பால் நன்றி என்று ஒன்று உண்டு. அதற்கு எந்தக் கிதாபிலும் அளவு போட்டிருக்காது.

ஆனால் அந்த இரு பெண்களையும் மட்டும் குறை சொல்லி முடித்துவிட நமக்கு மனமில்லை. அவர்கள் வீட்டிலும் பசிதான். ஐந்து ரூபாய் குறைத்துக் கொடு, அடுத்த தெருவில் அதற்கே தருகிறார்கள் என்று ஒருவரிடம் சொல்லி, அடுத்த தெருவிலும் போய் அதையே சொல்லும் வியாபாரத் தந்திரம் எல்லாச் சிறு தொழில்களிலும் உள்ளதே. வித்தையைப் பங்கிட்டவர்கள் வேலையையும் விலையையும் பங்கிடாமல் விட்டார்கள். அதனால் ஒரு வீட்டில் இருந்த பசி, குறைந்த கூலி என்னும் பெயரில் ஐந்து வீடுகளிலும் போய் உட்கார்ந்து கொண்டது.

அஷ்அரீ கோத்திரத்தாரைப் பற்றிய ஹதீஸை இங்கே கவனிக்க வேண்டும். அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்தது. போரில் உணவு தீர்ந்து போனாலோ, மதீனாவில் தம் குடும்பத்தாருக்கு உணவு குறைந்து போனாலோ, அவர்கள் தம்மிடமுள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, பிறகு ஒரே பாத்திரத்தால் தமக்குள் சமமாக அளந்து கொள்வார்களாம். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். இதை எடுத்துச் சொல்லும் நாம் பெரும்பாலும் அந்தத் துணியைப் பற்றியே பேசுகிறோம். பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டிவிட்டு, கைக்கெட்டியவன் அள்ளிக் கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் பலசாலி நிறைய அள்ளியிருப்பான். ஒரே அளவு இருந்ததால்தான் அது பங்கீடாயிற்று. பழவேற்காட்டுச் சகோதரி தம் துணியை விரித்துக் கொட்டிவிட்டார். அங்கே இல்லாமற் போனது பாத்திரம்.

அந்தப் பாத்திரம் எப்படியிருக்கும் என்று அறிய அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வாசலுக்கு எதிரே ஏரியிலேயே இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய குப்பங்களின் மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் வலை போடத் தோதான இடங்கள் ஏரியில் சிலவே. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் கிடைப்பது மற்ற இடத்தில் கிடைக்காது. யார் முந்துகிறாரோ அவருக்கே என்று விட்டால் தினமும் சண்டைதான். ஆகவே உரிமையுள்ள குடும்பத்தாரெல்லாம் முறை வைத்து, இன்று நல்ல இடத்தில் வலை போட்டவர் நாளை அடுத்த இடத்துக்கு நகர, ஒவ்வொருவருக்கும் எல்லா இடமும் சுற்றி வரும்படி செய்து கொண்டார்கள். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் இந்த முறையைப் பற்றித் தனி ஆய்வேடே வெளியிட்டது. எங்கோ ரோமாபுரியில் அச்சேறிய விஷயம், எதிர்த் தெரு ஓலைக்காரருக்கு யோசனையாகப் படவில்லை.

ஆர்டருக்கும் இப்படிப் பாடு வைக்கலாமே! வியாபாரி வந்தால் ஐந்து பேரும் ஒரே கூலி சொல்வது. வந்த வேலையை முறைப்படி பிரித்துக் கொள்வது. சிறு பெட்டியில் கூலி குறைவு, பெரிய பெட்டியில் அதிகம் என்றால் அதையும் சுற்றி வரச் செய்வது. ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு என்றால் அவள் முறையைப் பிற்பாடு வைத்துக் கொடுப்பது.

இங்கே மதரஸாவில் ஓதியவர்கள் இரண்டு கேள்விகள் எழுப்பலாம். உழைப்பில் கூட்டுச் சேர்ந்து வருமானத்தைப் பொதுவாக்கிப் பிரிப்பது ஹனபி மத்ஹபில் செல்லும். ஷாபிஈ மத்ஹபில் செல்லாது. கடலோர ஊர்களில் ஷாபிஈ மக்கள் அதிகம். ஆகவே வருமானத்தைப் பொதுவில் கொட்டாமல், வேலையை மட்டும் முறை வைத்து, அவரவர் முடைந்ததற்கு அவரவர் கூலி என்று வைத்துக் கொண்டால் இரு மத்ஹபிலும் சிக்கலில்லை. இரண்டாவது கேள்வி, ஒன்று கூடி ஒரே கூலி சொல்வது மக்களை நெருக்குவதாகாதா என்பது. சொத்துப் பாகம் பிரித்துக் கொடுப்பவர்கள் ஒன்று கூடிக் கூலியை ஏற்றிவிடாதபடி காஜி தடுக்க வேண்டும் என்று ‘ஹிதாயா’வில் வருகிறதே என்பார்கள். உண்மை, வருகிறது. ஆனால் பாகம் பிரிப்பவரிடம் போகாமல் மக்களுக்கு விதியில்லை. அதனால் அங்கே தடை. தாம்பூலப் பெட்டி இல்லாமல் யாருடைய நிக்காஹும் நின்று போவதில்லை. வயிற்றுக்குப் போதாத கூலிக்குக் கீழே இறங்க மாட்டோம் என்று ஐந்து ஏழைப் பெண்கள் சொல்வதை அதோடு ஒப்பிடுவது பொருந்தாது. அவர்கள் ஆசைப்பட்டு அளவுக்கு மீறி ஏற்றினால் அது வேறு பேச்சு.

பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. உள்ளே இருப்பவர்க்கு அது நீதி. வெளியே இருப்பவர்க்கு அது மதில். அந்தக் குப்பங்களைச் சேராதவர்கள், பிற்காலத்தில் மீன்பிடிக்க வந்தவர்கள் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்க, அதனால் ஏரியில் தகராறுகள் நடந்திருக்கின்றன. இருளர் சமூகத்தார் பாட்டில் இடமில்லாமல், நீரில் இறங்கித் தடவிக் கையால் இறால் பிடிக்கிறார்கள். இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறிய பின் மதில் இன்னும் உயர்ந்தது. ஓலைக்காரர்கள் ஐவர் கூடி முறை வைத்தால், ஆறாவது பெண் வரும்போது அவர்களும் இதையே செய்வார்களா? செய்யக்கூடும். முறை என்று ஒன்று வைக்கும் எவருக்கும் உள்ள சோதனை இது.

குறிப்பாக, நம்மவர்களோடு மட்டும் முறை வைத்துக் கொள்வோம், குப்பத்துப் பெண்களை விட்டுவிடுவோம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். சகோதரியின் கடிதத்தில் அந்தத் தொனி இல்லை, அல்ஹம்து லில்லாஹ். சொல்லக்கூடியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதே. ஒரு தடவை கேட்டு நிறுத்தவும் இல்லை. அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தினார்கள் என்ற நபிமொழியை அதற்கு ஆதாரமாகக் கூறினார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் காணலாம். இறைச்சிக்கு உள்ள சட்டம் கைத்தொழிலுக்கு இல்லாமற் போகுமா? ஆழிப்பேரலையும் புயலும் குப்பத்துக்கு ஒரு நீர், நம் தெருவுக்கு ஒரு நீர் என்று பிரித்துக் கொண்டு வருவதில்லை.

அப்படியானால் ஆறாவது, ஏழாவது என்று எத்தனை பேரைச் சேர்ப்பது? ஆர்டர் ஐந்து பேருக்கே போதாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கற்றுக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாமல், கற்றவர்கள் வேறு வேறு பண்டத்துக்குப் போகும்படி செய்வதே வழி என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் பெட்டி, ஒருவர் விசிறி, ஒருவர் கூடை, ஒருவர் சாயம் காய்ச்சிக் கொடுப்பது மட்டும் என்று பிரியலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நெசவு, தையல், விவசாயம் போன்ற தொழில்களைப் பர்ளு கிபாயா என்று எண்ணுகிறார்கள். ஊரில் யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளி. சிலர் செய்தால் கடமை நீங்கும். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைப் பாய் நெய்யும் நம் சமுதாயத்தார் உலகப் புகழ் பெற்றவர்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பட்டுப் போன்ற அந்த மிக மென்மையான பாயை நெய்யத் தெரிந்தவர்கள் இன்று சிலரே. காரணங்கள் பல, உழைப்புக்கேற்ற கூலியின்மை அவற்றில் முதன்மை. போட்டிக்கு ஆள் வந்து அழிவதை விட, அடுத்து உட்கார ஆளில்லாமல் அழியும் தொழில்கள்தாம் நம்மிடையே அதிகம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நெருக்கடியில் கூலி குறைந்தாலும் இப்பெண்கள் ஒத்துக் கொள்வதற்குப் பெரும்பாலும் பின்னால் ஒரு கடன் நிற்கிறது. வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நின்றால், ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கும் வியாபாரியிடம் எப்படி மறுப்பது? வட்டியின் கேட்டை மிம்பரில் பேசும் ஜமாஅத்துகள், ஓலை வாங்கவும் சாயம் வாங்கவும் சிறு தொகை கர்ளு ஹஸனாவாகக் கொடுத்துத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்யாமல் இருந்தால், அந்தப் பேச்சு பெண்களின் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. நாம் திரட்டும் நன்கொடைக்கு அரசும் இணைத்தொகை தருகிறது. அதைத் தேடிப் போய்க் கேட்கும் ஜமாஅத்துகள் எத்தனை?

சகோதரிக்கு நாம் எழுதிய பதிலின் சாரம் இதுதான். கற்றுக் கொடுத்தது வீண் போகவில்லை. இனியும் வருபவரிடம் தெரியாது என்று சொல்ல வேண்டாம். ஆனால் சொல்லிக் கொடுக்க உட்காரும் முன்பே, கூலி இன்னது, முறை இன்னது என்று பேசி ஒப்புக் கொண்ட பின் சொல்லிக் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாதவருக்கு அடிப்பின்னலோடு நிறுத்திக் கொள்ளலாம். அந்த இருவரிடமும் கோபமாகப் போகாமல், வியாபாரி உங்களிடம் என்ன சொன்னார் என்று மட்டும் முதலில் கேளுங்கள். இதே வார்த்தையைத்தான் உங்களிடமும் சொல்லியிருப்பார் என்பது நம் யூகம்.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் ஏரிக்கரையில் ஓலை உலராது. அதற்கு முன்பே வேண்டிய ஓலையைக் காயவைத்து அடுக்கியாக வேண்டும். ஐந்து வீடுகளிலும் எந்த வீட்டின் பரண் ஒழுகாமல் இருக்கிறது, அதில் மற்ற நால்வரின் கட்டுகளுக்கும் இடம் விட அந்த வீட்டார் சம்மதிப்பார்களா என்பதை இப்போதே கேட்டு வைத்துக் கொள்ளும்படியும் எழுதியிருக்கிறோம்.